லாக்கப் மணிக்கு ஒத்துப்போகும் தொழில் எது? சிறைத் தொழிற்கூடங்கள் பற்றி ஒரு விவாதம்

சட்டம்_மூன்றாமாண்டு | 3.2.2025, காலை 10.40

தமிழ்நாட்டு மத்திய சிறைகளில் தயாராகும் துணி, சோப்பு, பூட்ஸ், ரொட்டி எல்லாம் சிறை அங்காடியில் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் தறிக்கு ஒரு நாள் உற்பத்தி என்று எடுத்தால் வெளியே உள்ள தறியில் பாதிதான் தேறும் என்கிறார்கள். "கைதிக்கு அக்கறை கிடையாது, கூலியும் குறைவு, வேறென்ன எதிர்பார்க்க முடியும்" என்பதுதான் எங்கும் கேட்கிற பதில். இது சரியா? கூலியை ஏற்றினால் உற்பத்தி ஏறிவிடுமா? சட்ட உதவி மையத்துக்காக ஓர் அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

பாவோடி | 3.2.2025, இரவு 9.15

கூலி ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு முன்னால் நேரத்தை எண்ணுங்கள்.

1894 சிறைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவு, கைதியை ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. அது உச்சவரம்பு. தறியில் உட்காரக் கிடைக்கும் நேரம் வேறு. காலையில் பிளாக் திறக்க வேண்டும், தலை எண்ண வேண்டும், சாப்பாடு முடிய வேண்டும். பிறகு வரிசை, சோதனை, கூடம். கூடத்துக்குள் கருவிகளை எண் பார்த்துக் கொடுக்க வேண்டும். மதியம் இன்னொரு எண்ணிக்கை. சாயங்காலம் இதெல்லாம் தலைகீழாக, கடைசியில் லாக்கப், அதாவது கைதிகளை அறையில் பூட்டுவது. கூடம் 8 மணிக்குத் திறந்து 4 மணிக்கு மூடுகிறது என்று வைத்துக்கொண்டால், போக அரை மணி, வர அரை மணி, மதியம் ஒரு மணி. மிச்சம் 6 மணி நேரம்.

இப்போது கட்டுத்துணியை (காயத்துக்குக் கட்டும் துணி) எடுங்கள். டெசிமீட்டருக்கு (10 செ.மீ.) 85 ஊடை, அதாவது குறுக்கு இழை, என்றால் ஒரு மீட்டருக்கு 850 ஊடை. கைத்தறியில் நிமிடத்துக்கு 60 ஊடை போட்டால் 14 நிமிடத்தில் ஒரு மீட்டர். யாரும் நிற்காமல் 60 போட முடியாது. தார் (ஊடை நூல் சுற்றிய சிறு குழல்) மாற்ற வேண்டும், அறுந்த இழையை முடிய வேண்டும், நெய்த துணியைச் சுற்ற வேண்டும். 60 விழுக்காடு நேரம் நாடா (தார் பூட்டிய ஓடம்) ஓடினால் நல்ல நெசவு. அப்போது மீட்டருக்கு 24 நிமிடம் ஆகிறது. 6 மணி நேரத்தில் 15 மீட்டர். வீட்டுத் தறிக்காரர் 10 மணி நேரம் உட்கார்ந்தால் 25 மீட்டர். இரண்டும் ஒரே கை, ஒரே வேகம். பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், அக்கறை என்ற சொல்லே இன்னும் தேவைப்படவில்லை.

பாவோடி | 3.2.2025, இரவு 9.50

ஒன்று விட்டுப்போனது. வீட்டுத் தறியில் தார் சுற்ற வீட்டு ஆட்கள் இருப்பார்கள். சிறையில் தார் சுற்றும் பகுதி தனி. அங்கே இரண்டு பேர் அன்று நீதிமன்றத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விட்டால் பத்துத் தறி தார் இல்லாமல் நிற்கும். நெசவாளி வேலைக்கு வந்தார், தறியும் நன்றாக இருக்கிறது, ஆனால் மீட்டர் வரவில்லை. அளவுக் கூலி (நெய்த மீட்டருக்கு இவ்வளவு) என்றால் அந்த நேரம் அவருக்குக் காசு இல்லை. இதைத்தான் "அக்கறை இல்லை" என்று எழுதி வைக்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம்.

கட்டை_எண்_8 | 4.2.2025, காலை 7.05

பூட்ஸ் பகுதிக்கும் இதே கதைதான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் வேலையில் சில கட்டங்களுக்கு லாக்கப் கேடு, சிலவற்றுக்கு லாக்கப் நல்லது.

கேடு எது என்றால் பசை. அடித்தோலிலும் மேல்தோலிலும் பசை பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காற்றாட விட்டு, பிறகு சூடு காட்டி அழுத்த வேண்டும். அந்த இடைவெளியில் எண்ணிக்கைக்கு எழுப்பினால் பசை செத்துவிடும். திரும்பி வந்து அழுத்தினால் ஒட்டியது போலத் தெரியும், ஒரு மழையில் வாய் பிளந்துவிடும். மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் புதிதாகப் பசை பூசக் கூடாது என்பதை விதியாகவே வைக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைத் துளை குத்துவதற்கும் நூல் மெழுகுவதற்கும் கொடுக்கலாம்.

நல்லது எது என்றால் கட்டை, அதாவது பூட்ஸுக்கு வடிவம் கொடுக்கும் கால் அச்சு. நனைத்த மேல்தோலைக் கட்டையில் இழுத்து ஆணி அடித்த பிறகு இரவு முழுக்கக் கட்டையிலேயே இருக்க வேண்டும். அவசரப்பட்டு உருவினால் முன்பக்கம் சுருங்கிப் போகும். பூட்டிய கூடத்தில் 16 மணி நேரம் யாரும் தொடாமல் கிடப்பது அதற்கு வரம். ஆனால் கட்டை எண்ணிக்கை போதாது. 8ஆம் அளவில் ஆறு ஜோடிக் கட்டை இருந்தால் ஒரு நாளைக்கு 8ஆம் அளவில் ஆறு ஜோடிதான், அதற்கு மேல் ஆள் போட்டும் பயனில்லை.

சட்டம்_மூன்றாமாண்டு | 4.2.2025, மதியம் 1.20

கட்டை_எண்_8 சார், கத்தி எப்படி? தோல் வெட்டும் கத்தியைக் கைதி கையில் கொடுப்பது பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

கட்டை_எண்_8 | 4.2.2025, மாலை 6.30

ஒவ்வொரு கத்திக்கும் எண் வெட்டியிருக்க வேண்டும். சுவரில் பலகை, பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் வண்ணத்தில் வரைந்திருக்க வேண்டும். கத்தி தொங்கவில்லை என்றால் அந்த வெற்று உருவம் கண்ணில் குத்தும், பதிவேட்டைத் திறக்கவே வேண்டாம். வெட்டும் மேசையில் கத்தியைச் சங்கிலியில் மாட்டி வைப்பதும் உண்டு. சங்கிலி குட்டையாக இருந்தால் தோலின் மறுபக்கம் எட்டாது. அப்போது வெட்டுபவர் கையைத் திருப்புவதற்குப் பதிலாகத் தோலைத் திருப்புவார். தோல் இழுபடும் திசை மாறி, இடது கால் மேல்தோல் ஒரு பக்கமும் வலது கால் இன்னொரு பக்கமும் இழுக்கும். ஜோடி பொருந்தாத பூட்ஸுக்கு இது ஒரு முக்கியக் காரணம். சங்கிலியை நீட்டுங்கள், வெட்டுபவரைக் குறை சொல்லாதீர்கள்.

ஒரு கருவி குறைந்தால் மொத்தக் கூடமும் அப்படியே நிற்கும். உடைந்த ஊசி என்றால் இரண்டு துண்டையும் ஒப்படைத்தால்தான் புது ஊசி.

பாவோடி | 5.2.2025, இரவு 8.00

நூல் கணக்கு எழுதுகிறேன். அறிக்கையில் இது இருந்தால் நல்லது, ஏனென்றால் கழிவுக் கணக்கில்தான் எல்லாத் தகராறும் வருகிறது.

ஒரு மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளமுள்ள கட்டுத்துணி. பாவு (நீளவாட்டு இழை) டெசிமீட்டருக்கு 150 இழை, அதாவது அகலத்தில் 1,500 இழை. 1,500 இழை, ஒவ்வொன்றும் 100 மீட்டர், மொத்தம் 1,50,000 மீட்டர் பாவு நூல். ஊடை மீட்டருக்கு 850 வீதம் 85,000 மீட்டர். 24ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 24 சிட்டம், சிட்டம் 840 கஜம். கிராமுக்குச் சுமார் 40.6 மீட்டர் வரும். பாவு 3.7 கிலோ, ஊடை 2.1 கிலோ. மொத்தம் 5.8 கிலோ.

10 பவுண்டு கட்டு ஒன்று 4.54 கிலோ. 100 மீட்டர் துணிக்கு ஒன்றேகால் கட்டுக்குச் சற்று மேல். இண்டெண்டில் (நூல் கேட்டு எழுதும் சீட்டு) இரண்டு கட்டு எழுதியிருந்தால் மிச்சம் எங்கே என்று கேளுங்கள். ஒரு கட்டுதான் கொடுத்திருந்தால், தறி எப்படி ஓடியது என்று கேளுங்கள்.

பாவோடி | 6.2.2025, காலை 6.10

நேற்று எழுதியதில் பிழை. இழை துணிக்குள் நேராகப் போவதில்லை, மேலும் கீழுமாக வளைந்து போகிறது. அந்த நெளிவுக்குக் கூடுதல் நூல் வேண்டும். கரை இழை நெருக்கமாக இருக்கும். பாவு முடியும்போது விழுதுக்கு (பாவு இழைகளை ஏற்றி இறக்கும் கண்ணிகள்) பின்னால் மாட்டிக்கொண்ட நீளம் நெய்ய முடியாமல் போகும். எல்லாம் சேர்த்து 5 முதல் 6 விழுக்காடு கூட்டுங்கள். 5.8 என்பதை 6.1 கிலோ என்று திருத்திக்கொள்ளுங்கள். 5.8 என்ற எண்ணை வைத்து யாராவது ஒரு நெசவாளி மேல் நூல் திருட்டு என்று எழுதிவிடக் கூடாது. அதற்காகத்தான் விடிந்ததும் திருத்துகிறேன்.

இன்னொன்று, பாவின் நீளம். புதுப் பாவைப் பழைய பாவோடு பிணைக்க 1,500 இழையையும் ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாள் போய்விடும். 15 மீட்டர் வேகத்தில் 100 மீட்டர் பாவு ஏழு நாளில் தீரும். எட்டில் ஒரு நாள் பிணைப்புக்கே சரி. 200 மீட்டர் பாவு ஓட்டினால் அந்த இழப்பு பாதியாகும். ஆனால் நீளப் பாவுக்கு நூல் மொத்தமாக வந்திருக்க வேண்டும். நூல் கால் கால் பங்காக வந்தால் பாவும் குட்டைதான்.

கணக்கர் | 6.2.2025, இரவு 10.25

கூலியைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். கடுங்காவல் என்றாலே கட்டாய உழைப்பு. இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே தொடர்கிறது. கட்டாயமாக வாங்கினாலும் நியாயமான கூலி கொடுத்தாக வேண்டும் என்று 1998இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உணவு, உடைச் செலவைப் பிடிக்கலாம் என்றும், ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் செய்யலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1983 சிறை விதிகளின்படி 100 ரூபாய் கூலியில் 50 பராமரிப்புக்கு, 20 பாதிக்கப்பட்டோர் நிதிக்கு, 30 கைதிக்கு என்று இருந்தது. இந்த 50 விழுக்காட்டுப் பிடித்தம் செல்லாது என்று 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. அறிக்கையில் "கூலி இவ்வளவு" என்று ஒற்றை எண்ணை எழுதாதீர்கள் தங்கச்சி. மொத்தக் கூலி, பிடித்தம், பி.சி.பி. கணக்கில் (சிறையில் கைதியின் பெயரில் உள்ள பணக் கணக்கு) ஏறிய தொகை என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கேன்டீனில் சோப்பு வாங்கவும் வீட்டுக்கு அனுப்பவும் மூன்றாவது எண்தான் உதவும்.

பாவோடி | 7.2.2025, இரவு 7.40

கணக்கர் ஐயா சொன்னதில் ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும். "காத்திருந்த நேரம்". நூல் இல்லை, தார் இல்லை, கரண்ட் இல்லை, காவலர் இல்லாததால் கூடம் திறக்கவில்லை. இந்த நான்கையும் தேதி போட்டு எழுதினால், உற்பத்தி ஏன் குறைந்தது என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். அந்த மணிநேரத்துக்கு நாள்கூலிப் பங்கு கொடுக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. வேலைக்கு வந்து உட்கார்ந்தவரின் தவறு அதில் எதுவும் இல்லை.

முதல் நாள் "கூலி ஒரு காரணம்தான், ஆனால் அதற்கு முன்னால் நேரத்தை எண்ணுங்கள்" என்று எழுதினேன். அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். கூலியின் அளவு முதல் காரணம் இல்லை. கூலிக் கணக்கு புரியாமல் இருப்பது பெரிய காரணம். 15 மீட்டர் நெய்தவருக்கு அன்று சாயங்காலமே 15 என்று சீட்டில் ஏறி, அவர் கண்ணில் பட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக வரும் எண்ணை யாரும் நம்புவதில்லை.

சட்டம்_மூன்றாமாண்டு | 8.2.2025, காலை 11.00

பாவோடி அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போன கட்டுத்துணி திரும்பி வருவதாகக் கேள்விப்பட்டேன். அது நெசவுக் குறையா?

பாவோடி | 8.2.2025, இரவு 9.30

பெரும்பாலும் நெசவுக் குறை கிடையாது. வெளுப்புக் குறை. அங்கேயும் லாக்கப் மணிதான் வில்லன்.

பாவுக்குக் கஞ்சி போட்டுத்தான் நெய்கிறோம். அந்தக் கஞ்சியும் பஞ்சில் இயற்கையாக உள்ள மெழுகும் போனால்தான் துணி ஈரத்தை உறிஞ்சும். 50 கிலோ துணிக்கு 250 லிட்டர் தண்ணீர், காஸ்டிக் சோடா 1 முதல் 1.5 கிலோ, சலவைச் சோடா அரை கிலோ. கொதி வந்த பிறகு 4 மணி நேரம். பிறகு சுடுநீரில் இரண்டு அலசல். அடுத்து வெளுப்பு: 50 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒன்று முதல் ஒன்றரை கிலோ, சோடியம் சிலிகேட் ஒரு கிலோ, 90 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். அலசி, அசிட்டிக் அமிலத்தில் காரத்தை முறித்து, மறுபடி அலசி, காயப்போடல். தண்ணீர் சூடேறும் நேரத்தையும் சேர்த்தால் 9 மணி நேர வேலை. கையில் இருப்பது 6.

என்ன செய்வார்கள்? 4 மணி நேரக் கொதியை இரண்டரையில் நிறுத்துவார்கள். கஞ்சி பாதி தங்கிவிடும். அல்லது கொதித்த துணியைக் காரநீரிலேயே விட்டுப் பூட்டிவிட்டுப் போவார்கள். நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் துணி இரவெல்லாம் காற்றுப்பட்டுக் காரத்தில் இற்றுப்போகும். காலையில் பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். இரண்டு கட்டைவிரலால் இழுத்தால் காகிதம் போலக் கிழியும்.

வழி எளிது. முதல் நாள் கொதியும் அலசலும் மட்டும். அன்று இரவு துணி சுத்தமான தண்ணீரில் முழுக்க மூழ்கிக் கிடக்கட்டும், மேலே கல் வைத்து அமுக்குங்கள். மறுநாள் பெராக்சைடு. இரண்டு நாள் ஆகும் என்று உற்பத்தித் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

சோதிக்கவும் ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு சொட்டு அயோடின். நீலமாக மாறினால் கஞ்சி இருக்கிறது, திரும்பக் கொதிக்க வை. சிறு துண்டைத் தண்ணீர் மேல் மெதுவாக வை. 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். மிதந்துகொண்டே இருந்தால் மெழுகு போகவில்லை. இதை நெசவாளியே வந்து பார்க்கும்படி செய்யுங்கள். தான் நெய்த துணி தண்ணீரில் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பது, நூறு அறிவுரைக்குச் சமம்.

பாவோடி | 8.2.2025, இரவு 9.55

மங்கலாகத் தெரிகிறதே என்று நீலமோ வெள்ளை ஏற்றும் பொடியோ போடாதீர்கள். காயத்தில் படும் துணி.

செக்குமேடு | 9.2.2025, மாலை 4.15

தொழிற்கூடம், வெளுப்பு என்றெல்லாம் பேசுகிறீர்கள். கோவைச் சிறையில் வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்ததும் "சிறை வேலை" என்ற பெயரில்தான். அதை மறந்துவிட்டு மீட்டர் கணக்குப் போட முடியுமா?

கணக்கர் | 9.2.2025, இரவு 8.50

மறக்கவில்லை ஐயா. அவரை உள்ளே வைத்த காலத்திலும் இந்த 1894 சட்டம்தான் நடப்பில் இருந்தது. அதே 35ஆம் பிரிவில் இன்னொரு வரியும் உண்டு: உழைக்கும் கைதியின் எடையை மருத்துவ அலுவலர் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரது வரலாற்றுச் சீட்டில் பதியச் செய்ய வேண்டும், வேலையால் உடல்நலம் கெடுகிறது என்று மருத்துவ அலுவலர் கருதினால் அந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். தங்கச்சி, எடைப் பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காலியாக இருந்தால் அதையும் எழுதுங்கள்.

இதோடு சேர்ந்தது சாதி. சிறைக்குள் வேலையைச் சாதி பார்த்துப் பிரிக்கும் விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று செல்லாது என்றது. பதிவேட்டில் சாதி நெடுவரிசையையும் நீக்கச் சொன்னது. அந்த வழக்கில் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்பட்டது. அதனால் கழிப்பறை சுத்தத்துக்கு யார், சமையலுக்கு யார், தோல் பகுதிக்கு யார் என்று எந்த அடிப்படையில் பிரித்தார்கள் என்பது அறிக்கையில் தனிப் பத்தியாக வர வேண்டும்.

கட்டை_எண்_8 | 10.2.2025, காலை 6.50

தோல் பகுதி பற்றிக் கணக்கர் சொன்னது மிகச் சரி. ஆள் சேர்க்கும்போது கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: கண் நன்றாகத் தெரிகிறதா, இன்னும் எவ்வளவு காலம் உள்ளே இருப்பார். வெட்டுக் கற்க ஆறு மாதம். மூன்று மாதத்தில் வெளியே போகிறவரை வெட்டில் போட்டால் அவருக்கும் தொழில் வராது, தோலும் வீண்.

கணக்கர் | 10.2.2025, மதியம் 2.10

அந்தக் காலக் கணக்குதான் எல்லாக் கூடத்தையும் ஆட்டுகிறது. 2022 இறுதியில் நாடு முழுவதும் சிறையில் இருந்தவர்களில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது. விரும்பி வந்தாலும் ஜாமீன் எப்போது வரும் என்று தெரியாது. தறியும் கட்டையும் தண்டனைக் கைதிகளை நம்பித்தான் ஓட முடியும்.

பாவோடி | 11.2.2025, இரவு 10.05

மொத்தத்தையும் படித்த பிறகு, கேள்வியையே மாற்றிப் போட வேண்டும் என்று தோன்றுகிறது. லாக்கப் நேரத்தை நாம் மாற்ற முடியாது. அதற்கு ஒத்துப்போகும் தொழிலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சோப்பு ஒத்துப்போகும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுதாகச் சோப்பாக்க 183 கிராம் காஸ்டிக் பிடிக்கும். 5 விழுக்காடு எண்ணெய் மிச்சம் விட 174 கிராம். காலையில் கலக்கி மதியம் அச்சில் ஊற்றினால் மறுநாள் வெட்டலாம், நான்கு வாரம் தட்டில் உலரலாம். பூட்டிய அறையில் தானாகப் பக்குவமாகும் சரக்கு. ஆனால் காஸ்டிக்கை எடை போட்டு, இரண்டு பேர் முன்னால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது.

ரொட்டி ஒத்துப்போகாது. மாவு பிசைந்து, புளித்து, உருட்டி, மறுபடி உப்பி, வெந்து, ஆறி வெட்ட ஐந்து மணி நேரத்துக்கு மேல். காலைக் கடைக்கு ரொட்டி வேண்டும் என்றால் விடியுமுன் ஒரு குழுவைத் தனியாகத் திறந்துவிட வேண்டும், அதற்குக் காவலர் வேண்டும். கேரளச் சிறைகள் 2011இல் சப்பாத்தியில் இறங்கியது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. புளிக்க வைக்கும் வேலை இல்லை. மணி அடித்தால் அந்த நிமிடமே அடுப்பை அணைத்துவிட்டுப் போகலாம், மாவு மிஞ்சினால்தான் நஷ்டம்.

பெட்ரோல் பங்க் இன்னும் ஒரு படி மேல். 2023 ஆகஸ்டில் புழலில் பெண் கைதிகள் நடத்தும் பங்க் திறந்தார்கள். அங்கே கெட்டுப்போகும் பாதிச் சரக்கு என்பதே கிடையாது. ஆள் மாறும்போது பம்ப் மீட்டர் காட்டும் அளவும் பணமும் ஒத்துவந்தால் கணக்கு முடிந்தது. ஆனால் வெளியே நின்று வேலை செய்ய நன்னடத்தை உள்ளவர்களைத்தான் அனுப்புவார்கள், அதனால் சிலருக்குத்தான் இடம்.

நெசவை விடச் சொல்லவில்லை. வெளியே போய்ப் பிழைக்கக் கைத்தொழில் ஒன்று வேண்டும், நெசவு அதைக் கொடுக்கிறது. வெளுப்பை இரண்டு நாளாகப் பிரியுங்கள், நீளப் பாவு ஓட்டுங்கள், தார் பகுதிக்கு மாற்று ஆள் பழக்குங்கள். அதே 6 மணி நேரத்தில் மீட்டர் ஏறும்.

சட்டம்_மூன்றாமாண்டு | 12.2.2025, காலை 9.30

அடுத்த வாரம் அனுமதி கிடைத்திருக்கிறது. கூடத்துக்குள் ஒரு மணி நேரம்தான். எந்த நேரம் கேட்கட்டும்?

பாவோடி | 12.2.2025, காலை 10.10

மூன்று மணிக்குப் போம்மா. காலையில் போனால் எல்லாத் தறியும் ஓடும், எல்லாம் சரியாக இருக்கும். மூன்று மணிக்குப் போனால் எத்தனை தறியில் தார் இல்லை என்று தெரியும். மூடும்வரை இருந்து கருவி திரும்புவதைப் பார். வெளுப்புத் தொட்டியில் துணி எதில் கிடக்கிறது என்று விரலை விடாமல் பார், வழுக்கலாக நுரை தெரிந்தால் காரநீர்.

கட்டை_எண்_8 | 12.2.2025, மதியம் 12.45

கட்டைகளையும் எண்ணிவிட்டு வாருங்கள், அளவு வாரியாக.

பாவோடி | 12.2.2025, இரவு 8.20

தொட்டி எந்த உலோகம் என்றும் குறித்துக்கொள். இரும்புத் தொட்டியில் துரு இருந்தால் பெராக்சைடு அந்த இடத்தில் மட்டும் வேகமாகச் சிதைந்து, துணியில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் விழும். அதைப் பூச்சி அரித்தது என்று எழுதிக் கிடங்குப் பொறுப்பாளரைத் தண்டிப்பதும் உண்டு. எவர்சில்வர் தொட்டி என்றால் அந்த ஓட்டை வராது.